மேடை ஏறாத ஃபோன் சத்தம்

இந்த ஊரில் ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். நியூஜெர்சியில் பார்சிப்பனி என்கிற இந்த ஊருக்கு வந்த புதிதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு வயதான அம்மாள் நாயைப் பிடித்துக்கொண்டு, சாலையைக் கடப்பதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். திருச்சிக்காரி என்ன செய்வாள்? லேசாக ஒரு ஹாரன் கொடுத்தேன். ‘நான் வந்துகிட்டு இருக்கேன், பார்த்து நில்லுங்க’ என்று அர்த்தம். மரியாதைதான். அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரர் பதறிப்போய், “வை ஆர் யூ ஆங்ரி வித் ஹெர்?” என்றார். கோபமா, எனக்கா? “நோ சார், ஐ ஆம் ஒன்லி டெல்லிங் ஹெர்” என்றேன். “டெல்லிங் ஹெர் வாட்?” “தட் ஐ ஆம் கமிங்.” அவர் கார்க் கண்ணாடியை இறக்கி, என் சார்பில் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார். நாயிடமும் கேட்டார் என்று நினைக்கிறேன்.

சத்தம் என்றால் இங்கே குற்றம். ஜன்னல்களை மூடினால் மாதக்கணக்கில் திறப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பது குப்பை போடும் நாளில்தான் தெரியும். நானோ திருச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். பஸ் ஹாரன் அடித்தால் நான் சொல்வது எனக்கே கேட்காது. கத்திக் கத்தித் தொண்டை போனபிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஹாரன் கேட்டால் பாடத்தை நிறுத்திவிட்டு, “இந்த பஸ்ல யாரு போறாங்க? எங்க போறாங்க?” என்று கேட்பேன். பஸ் போய்விடும், கதை போகாது. மாமியார் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போகிற கோழி ஒன்று இருந்தது, அது வருஷம் பூராவும் எங்கள் வகுப்பில் பயணம் செய்தது. தலைமையாசிரியைக்கு இது பிடிக்காது. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, எனக்கு அது போதும்.

கல்யாணமாகி இங்கே வந்ததும் அதெல்லாம் போயிற்று. என் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் வேலை, எனக்கு எச்-ஃபோர் விசா. வீட்டுக்காரர் சாப்பிடச் சமைக்கலாம், துணி மடிக்கலாம், ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது. அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்தவள் வித்யா. நங்கநல்லூர்ப் பெண். அபார்ட்மெண்டு விளையாட்டு மைதானத்தில் என் ஆயிஷாவும் அவள் ஸ்ருதியும் ஒரே ஊஞ்சலுக்குச் சண்டை போட, நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதமானோம். பர்வீன் என்கிற என் பேரை அவள் கூப்பிடுகிற மாதிரி இங்கே வேறு யாரும் கூப்பிட்டதில்லை. கடைக்குக் கூட்டிப்போவாள், பட்டேல் மளிகைக் கடையில் எந்தப் பருப்பு வண்டு பிடித்தது என்று சொல்வாள், எனக்குக் காய்ச்சல் என்றால் ரசத்தோடு வந்து நிற்பாள். கூடப் பிறந்தவள் மாதிரி என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும், அப்படித்தான் இருந்தாள்.

என் அத்தா மௌத்தான செய்தி வந்த காலையில் முதலில் ஓடி வந்தவளும் அவள்தான். ஆயிஷாவுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு டப்பா கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஃபோனில், “அத்தா போய்ட்டாங்கம்மா” என்றார். நான் ஏதோ கேட்டேன், அவர் ஏதோ சொன்னார், லைன் போய்விட்டது. எங்களில் அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். நான் விமானம் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அன்றைக்கு வித்யா என் வீட்டிலேயே இருந்தாள். என் பிள்ளையைக் குளிப்பாட்டினாள், சோறு வடித்தாள், என்னைப் பேச வைக்கவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. அதை நான் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் இப்போது இவ்வளவு எரியாது.

அடுத்த வருஷம் வித்யா தமிழ் வகுப்புக்குப் பொறுப்பாளர் ஆனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பார்கள். “சின்னப் பசங்க கிளாஸ நீ எடுத்துக்கடி, சம்பளம் கிடையாது, விசா பிரச்சினையும் கிடையாது” என்றாள். தலைகால் புரியாமல் ஒத்துக்கொண்டேன். முதல் சில வாரங்கள் அ, ஆ என்று பலகையில் எழுதினேன். பிள்ளைகள் மேஜைமேல் கவிழ்ந்து படுத்தார்கள். நான் தமிழில் கேட்டால் புரிந்துகொண்டு இங்கிலீஷில் பதில் சொன்னார்கள். என் பெண்ணும்தான். வீட்டிலேயே ‘ஓகே மாம்’ என்கிறவள், அங்கே மட்டும் வேறு மாதிரி இருப்பாளா?

அந்த அறையின் சுவரோரம் ஒரு பழைய ஹீட்டர் குழாய். சூடாகும்போது டங், டங் என்று இடிக்கும். ஒருநாள் நான் பேசப் பேச அது இடித்துக்கொண்டே இருந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “கண்ண மூடிக்குங்க. உள்ள யாரு தட்றாங்க?” என்று கேட்டேன். பிறகு ஸ்ருதி, “தேர் இஸ் எ மேன் இன் த பைப். ஹீ இஸ் ஹங்ரி” என்றாள். “அவரு என்ன சாப்பிடுவாரு?” என்றேன். “இட்லி!” என்று நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் காதுதான் புத்தகம். தமிழுக்கு இந்த விஷயத்தில் பஞ்சமே இல்லை பாருங்கள். மடமட, சலசல, கடகட, நறநற என்று எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஸ்டீல் தம்ளரைத் தட்டி, அரிசியைத் தட்டில் உருட்டி, செருப்பைத் தேய்த்து, எந்தச் சத்தத்துக்கு எந்தச் சொல் என்று தேடினோம். பனி விழுகிற சத்தத்துக்கு மட்டும் சொல் அகப்படவில்லை. நம் ஊரில் பனி விழுந்தால்தானே? “நீங்களே ஒண்ணு செய்யுங்க” என்றேன். நீண்ட விவாதத்துக்குப் பிறகு ‘நுசுநுசு’ என்று முடிவாயிற்று. பனி நுசுநுசுவென்று பெய்கிறது. இன்றைக்கும் எனக்கு அது அப்படித்தான் பெய்கிறது.

பிறகு ஒரு வாரம், “உங்க வீட்ல மட்டும் கேக்கற ஒரு சத்தத்தக் கொண்டு வாங்க” என்று சொல்லி அனுப்பினேன். குக்கர் விசில், மிக்ஸி, மணி, இப்படி ஏதாவது வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது வேறு. ஒரு பெண் எழுந்து, காதில் கையை வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, “ஹலோ! ஹலோ! கேக்குதா? நான்தான் பேசறேன்!” என்று அலறினாள். அறை முழுக்க, “மை டாட் டூ! மை டாட் டூ!” என்று கூச்சல். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்தியாவுக்குப் பேசும்போது நாம் எல்லோரும் எப்படிக் கத்துகிறோம் என்று அன்றைக்குத்தான் வெளியிலிருந்து கேட்டேன். ஆபீஸில் அமெரிக்கனிடம் பூனை மாதிரி பேசுகிற மனுஷர்கள், ஞாயிற்றுக்கிழமை காசு கொடுத்து வாங்கிய ஃபோன் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டுவிட்டால் ஊரைக் கூட்டுகிறோம். இந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை தமிழ் என்பது அப்பா கத்துகிற பாஷை.

அதையே நாடகமாக்கினோம், சத்தத்தால் மட்டும். முதலில் பட்டன்கள், பீப் பீப். அப்புறம் கார்டு கம்பெனியின் பதிவுக் குரலில் வருகிற பெண்மணி மூக்கால் எத்தனை நிமிஷம் பாக்கி என்கிறாள். அதை ஸ்ருதி செய்தால் அச்சு அசல். பிறகு, சாப்ட்டியா, மழை பேஞ்சுதா, உடம்பு எப்படி இருக்கு. குரல் போய்ச் சேர நேரமாகிறதால் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பேசுவது, இரண்டு பக்கமும் நிறுத்துவது, மறுபடி இரண்டு பக்கமும் ஆரம்பிப்பது. நடுவே பிள்ளையை இழுத்து, “தாத்தாகிட்டப் பேசு” என்று ரிசீவரைத் திணிப்பது. “நல்லாருக்கேன்.” “என்ன?” “நல்லாருக்கேன்!” ஒரு வாக்கியம்கூட நான் எழுதித்தரவில்லை. எல்லாம் அவர்கள் காதில் விழுந்தது, அவர்கள் கோத்தது. ஒரு வார்த்தை தமிழ் பேச மறுத்த பிள்ளைகள் தமிழில் சண்டை போட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள்.

முடிவுதான் வரவில்லை. கார்டு தீர்ந்து லைன் அறுந்ததும் என்ன செய்வது? கைதட்டலாம், பாடலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போது ஆயிஷா, “நோ. அதுக்கப்புறம் சத்தம் இல்ல” என்றாள். தமிழில் சொன்னாள். பிறகு இங்கிலீஷுக்குத் தாவி, “வென் தாத்தா டைடு, அம்மா டிட்ன்ட் புட் த ஃபோன் டவுன். யூ குட் ஹியர் த ஃபிரிட்ஜ்” என்றாள். ஐந்து வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது, எனக்குத் தெரியாது. நான் பலகையைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். பின்னால் பிள்ளைகள் தாங்களாகவே ‘ம்ம்ம்’ என்று வாயை மூடி ஃபிரிட்ஜ் சத்தம் எழுப்பி, மெல்ல மெல்ல அதையும் குறைத்து, ஒன்றுமில்லாமல் நிறுத்தினார்கள். இந்த நாட்டுக்கு வந்து நான் செய்ததென்று சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. அதை நாலு பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தப்பா?

ஒத்திகைக்கு வித்யா வந்தாள். வகுப்பை நடத்தும் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் சுந்தரம் அங்கிளும் வாசலில் நின்று பார்த்தார். ஹலோ ஹலோவுக்கு வித்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் சத்தம் நின்றபோது அவள் கண் கலங்கிவிட்டது. அவளுக்குத் தெரியாதா அது எந்தக் காலை என்று? என் கையைப் பிடித்து, “ஏய் பர்வீன், பொங்கல் ஃபங்ஷன்ல இத ஸ்டேஜ் ஏத்தல, என் பேர மாத்திக்கறேன்” என்றாள். அங்கிள், “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்றுவிட்டுப் போனார். ஒரு தடவை சொன்னால் நல்லா இருக்கிறது, இரண்டு தடவை சொன்னால் இல்லை. நம் ஆட்களைப் பற்றி இதுகூடத் தெரியாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஆயிஷாவைத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள் வித்யா. “ஸ்ருதிகூட விளையாடட்டும், நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு” என்றாள். எவ்வளவு நல்லவள் என்று நினைத்தேன். பிள்ளை வீட்டுக்கு வந்தால் குளிக்கும்போது ஏதோ முனகும். “என்ன பாட்டும்மா?” என்றால், “நத்திங்” என்று வாயைப் பொத்திச் சிரிக்கும். பொங்கல் விழா அன்று காலை, “ஆயிஷாவ நானே ரெடி பண்ணி வேன்ல கூட்டிட்டு வந்துடறேன், நீ நிதானமா வா” என்று வித்யாவே வந்து அழைத்துப்போனாள். நான் ஒரு பையில் தம்ளர், கரண்டி, பட்டன் வைத்த பழைய ஃபோன் எல்லாம் எடுத்துக்கொண்டு, உயர்நிலைப் பள்ளி அரங்கத்துக்கு முன்கூட்டியே போய் மேடையின் ஓரத்தில் நின்றேன்.

“அடுத்ததாக நமது மழலைச் செல்வங்கள்” என்று அறிவித்தார்கள். திரை விலகியது. சிடியில் ஒரு சினிமாப் பாட்டு காதைப் பிளந்தது. என் பிள்ளைகள் ஜிகினாப் பாவாடையிலும் பட்டு வேட்டியிலும் வரிசையாக நின்று இடுப்பை ஆட்டினார்கள். நடுவில் ஆயிஷா. உதட்டில் சாயம், காதில் தொங்கட்டான். பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தையின் குரல்கூட வெளியே வரவில்லை. கீழே அப்பாக்கள் எல்லோரும் கேம்கார்டரைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் கையில் ஃபோனை வைத்துக்கொண்டு, வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன்.

பின்திரைக்குப் பின்னால் சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் நின்ற வித்யாவைப் பிடித்தேன். “என்ன வித்யா இது?”

“இல்லடி, கமிட்டில ஒத்துக்கல. சீஃப் கெஸ்ட் வர்றாரு, ஸ்டேஜ்ல போய் ஹலோ ஹலோன்னு கத்தினா நல்லாவா இருக்கும்னு அங்கிள் கேட்டாரு. நம்மள நாமளே கேலி பண்ணிக்கணுமான்னாரு. முடிவு வேற எழவு வீடு மாதிரி இருக்குன்னாரு.”

எழவு வீடுதான். யார் வீட்டு எழவு என்று அவளுக்குத் தெரியும். “நீ என்ன சொன்னே?” என்றேன்.

பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டி” என்றாள்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீ ஃபீல் பண்ணுவேன்னுதான் சொல்லல. பர்வீன் ஆன்ட்டிக்கு சர்ப்ரைஸ், மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி, எல்லாப் பசங்களுக்கும் வெள்ளிக்கிழமை எங்க வீட்ல டான்ஸ் சொல்லிக்குடுத்து மேனேஜ் பண்ணிட்டேன். சமத்தா கேட்டுக்கிட்டாங்க. நீ ஏன் இத இவ்வளவு பெரிசு பண்றே?”

இந்த சர்ப்ரைஸ் என்கிற வழக்கத்தை நம் ஆட்கள் இங்கே வந்து எப்படித்தான் இவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொண்டார்களோ. யாருக்காவது பிறந்தநாள் என்றால் வீட்டை இருட்டாக்கி, சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கத்துகிறார்கள். ஊரில் நல்ல சேதியை யாராவது மறைப்பார்களா? பிள்ளை பாஸானால் தெரு முழுக்கச் சொல்வோம். கெட்டதைத்தான் மறைப்போம். யாராவது நம்மைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினால், ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்வோம். இங்கே மறைப்பது அன்பாகிவிட்டது. அன்பாகிவிட்டதால் எதையும் அதற்குள் வைத்து மறைக்கலாம். வேண்டாம் என்று அங்கிள் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், பிறகு அடங்கியிருப்பேன். கூட இருந்தவள் என் வயிற்றில் பிறந்ததையே எனக்கு எதிராகக் கூட்டுச் சேர்த்துக்கொண்டுவிட்டாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைச் சிரித்துக்கொண்டே, பிள்ளைக்குத் தலைவாரி விட்டுக்கொண்டே செய்வார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அடிப்பாவி.

பாட்டு முடிந்தது. கைதட்டல் இடி மாதிரி. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஆயிஷா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “அம்மா! ஆர் யூ சர்ப்ரைஸ்டு?” என்றாள். “ஐ டிட்ன்ட் டெல் யூ! ஒரு வாட்டி கூட!” அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது அவள் முகத்தில் அப்படி மின்னியது. எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை, எனக்காக என்று நினைத்து இதை வைத்திருக்கிறது. என்ன சொல்ல முடியும்? “ஆமாம்மா, நெனச்சே பாக்கல” என்றேன். அது பொய்யுமில்லை.

“இப்ப ஃபோன்தானே?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “வித்யா ஆன்ட்டி சொன்னாங்க, டான்ஸ் ஃபர்ஸ்ட், ஃபோன் ஆஃப்டர்” என்றாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் எல்லோரும் ஜிகினா உடையோடு தங்கள் தங்கள் இடத்தில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்ருதி மூக்கைப் பிடித்துக் கார்டுக்காரி குரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் வித்யாவைப் பார்த்தேன். அவள் குனிந்து வேறு ஒரு பெண்ணின் கொண்டையில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. மேடையில் அடுத்த குழுவை அழைத்தார்கள். பெரிய பெண்களின் நடனம்.

“வாங்க” என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனேன். குளிர் ஜாக்கெட்டுகளை அங்கேதான் மலை மாதிரி குவித்திருந்தார்கள். “இங்கயா?” என்றார்கள். “இங்கதான்” என்றேன். ஏன் என்று ஆயிஷா கேட்கவில்லை, நல்லவேளை. பையிலிருந்து தம்ளரையும் ஃபோனையும் எடுத்துக் கொடுத்தேன்.

செய்தார்கள். பட்டன்களை அழுத்தினார்கள், கார்டுக்காரி பேசினாள், ஹலோ ஹலோ என்று உயிரை விட்டுக் கத்தினார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் அடிக்கிற பாட்டையும் மீறிக் கேட்க வேண்டுமே, அதனால் ஒத்திகையைவிடப் பலமாகக் கத்தினார்கள். சாப்ட்டியா, மழை பேஞ்சுதா, நல்லாருக்கேன், என்ன, நல்லாருக்கேன். லைன் அறுந்தது. ஆயிஷா ரிசீவரைக் கீழே வைக்காமல் நின்றாள். எல்லோரும் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்றார்கள், குறைத்தார்கள், நிறுத்தினார்கள்.

சத்தம் நிற்கவில்லை. சுவர் வழியாகப் பாட்டு தொம் தொம் என்று வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “அம்மா, டெல் தெம் டு ஸ்டாப்” என்றாள் ஆயிஷா. “நம்ம சைலன்ஸ் வரணும்.” போய்ச் சொல்ல எனக்கு அங்கே யாரும் இல்லை. நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து அவள் ரிசீவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்களும் பொத்திக்கொண்டார்கள். கண்ணை மூடி, அவரவர் காதுக்குள் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நானும் ஒரு காதைப் பொத்தினேன். மற்றதைப் பொத்தக் கை வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஒருவேளை மேடையிலிருந்து எங்களைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்று அதைத் திறந்தே வைத்திருந்தேன்.